சான்று காட்டி எழுதும் பயிற்சி: பேகூர்க் கல் தரும் பாடம்

பெங்களூருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் ஒரே கதையையே எழுதுவர். ஹொய்சள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் வேட்டையின்போது வழி தவறினான். ஒரு மூதாட்டி அவனுக்கு வேகவைத்த பயறு கொடுத்தாள். அவ்விடம் ‘பெந்தகாளூரு’ எனப் பெயர் பெற்று, பின்னர் பெங்களூர் ஆயிற்று என்பதே அக்கதை. கட்டுரை ‘என்று கூறப்படுகிறது’ என்னும் தொடருடன் முடியும். கூறியவர் யார், எங்குக் கூறினார், எப்போது கூறினார் என்னும் வினாக்கள் மாணவருக்கு எழுவதில்லை. ஆசிரியரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

அவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற சான்று பெங்களூரிலேயே உள்ளது. நகரின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் கங்கர் காலத்து வீரக்கல் ஒன்று நிற்கிறது. பழங்கன்னடத்தில் அமைந்த அதன் எழுத்துகள், நாகத்தரன் என்னும் தலைவனைச் சார்ந்தவர் பெங்களூர்ப் போரில் இறந்ததைக் குறிக்கின்றன. ஆய்வாளர்கள் இதன் காலத்தை ஏறத்தாழ கி.பி. 890 எனக் கணித்துள்ளனர். இரண்டாம் வீரவல்லாளன் ஆட்சிக்கு வந்ததோ 1173இல். ஆகவே, அம்மன்னன் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே அப்பெயர் வழக்கில் இருந்தது என்பது தெளிவாகிறது.

கூற்று, சான்று, விளக்கம் ஆகிய மூன்றும் இங்கே அமைந்திருப்பதை மாணவருக்குச் சுட்டிக் காட்டலாம். பயறுக் கதை பெயர்க் காரணம் ஆகாது என்பது கூற்று. பேகூர்க் கல்லின் வாசகம் சான்று. இரு காலங்களையும் ஒப்பிட்டுக் காட்டுவது விளக்கம். நம் மாணவர்கள் மிகவும் தடுமாறுவது மூன்றாவதில்தான். மேற்கோளை எடுத்து எழுதிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுகின்றனர். மேற்கோள் தானாகப் பேசாது. அது கூற்றை எவ்வகையில் தாங்குகிறது என்பதை எழுதுபவரே சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சான்று சொல்லாததையும் அதன்மீது ஏற்றி, ‘ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெங்களூர் மாநகராக விளங்கியது’ என்று ஒரு மாணவர் எழுதக்கூடும். ஊரின் பெயரும் ஒரு போரின் செய்தியுமே கல்லில் உள்ளன. ஊரின் பரப்பும் மக்கள் தொகையும் அதில் இல்லை. அப்பெயர் இன்றைய நகரின் வடபகுதியில் உள்ள ஹளே பெங்களூரு என்னும் சிற்றூரைக் குறித்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. கெம்பே கௌடர் 1537இல் கோட்டையும் பேட்டையும் அமைத்தார் என்னும் செய்தியையும் இக்கல் மறுக்கவில்லை. பெயரின் பழமை வேறு, நகர் அமைந்த காலம் வேறு. ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லை விட்டுவிட்டு ‘890ஆம் ஆண்டில்’ என எழுதுவதும் பிழையே. ஆய்வாளர் ஐயத்தோடு சொன்னதை நாம் உறுதியாக்கிவிடுகிறோம்.

தமிழ் பயிலும் மாணவருக்கு மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு இன்னும் நெருக்கமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் ஊர்ப்பெயர் ‘வெங்களூர்’ என வருகிறது. அவ்வூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலக்கொடையையும் அது கூறுகிறது. இத்தகைய சாசனங்களை பி. லூயிஸ் ரைஸ் ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ வரிசையில் பதிப்பித்தார். பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு சாசனத்திற்கும் வட்ட வாரியாக எண் தரப்பட்டுள்ளது. தொகுதி, வட்டம், எண் ஆகியவற்றைக் குறித்தால் எவரும் மூலத்தை எடுத்துச் சரிபார்க்க இயலும். சான்று காட்டுவதன் பயனே அதுதான்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமுறை அன்று. நம் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டாமல் எதையும் நிறுவியதில்லை. ஆனால் நூற்பெயரைப் பல இடங்களில் அவர்கள் சுட்டவில்லை. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூல்களுக்கு உரியவை என்று உ.வே. சாமிநாதையர் தேடிய தேட்டமே அவரைச் சங்க நூல்களிடம் சேர்த்தது. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. புறநானூறு 1894இல் வெளிவந்தது. பெயர் சுட்டாத மேற்கோள் பின்னால் வருபவருக்கு எத்தனை ஆண்டு உழைப்பைச் சுமத்தும் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

அலுவலர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கோப்பில் எழுதும் குறிப்பில் ‘முன்னரே ஆணையிட்டவாறு’ என்று மட்டும் எழுதினால், ஆணையின் எண்ணும் நாளும் பக்கமும் எங்கே என்று மேலதிகாரி கேட்பார். ஓர் ஏரியின் எல்லை பற்றிய வழக்கில், ‘இங்கு நீர்நிலை இருந்ததில்லை எனத் தெரிகிறது’ என ஆதாரமின்றி எழுதப்படும் ஒரு வரி நிலத்தின் விதியையே மாற்றிவிடக்கூடும். நில அளவைப் பதிவேட்டின் எண்ணைக் குறிக்கும் பழக்கம் பள்ளிக் கட்டுரையில் தொடங்கியிருந்தால், அந்த வரி எழுதப்பட்டிராது.

வகுப்பில் இதனைப் பயிற்றுவிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அச்சிட்ட வாசகத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவரைப் பேகூருக்கு அழைத்துச் செல்லலாம். கல்லில் தெரியும் எழுத்துகளை அச்சோடு ஒப்பிட்டு, தாம் கண்டதை ஒரு பக்கத்திலும், அதிலிருந்து ஊகித்ததை எதிர்ப்பக்கத்திலும் அவர்கள் எழுதட்டும். முதல் முறை பலருக்கு எதிர்ப்பக்கமே நிரம்பி வழியும். அப்போது ஆசிரியர் ஒவ்வோர் ஊகத்தின் அருகிலும் ‘எந்த வரி?’ என்று எழுதித் திருப்பித் தரலாம்.