எந்த நாற்காலி?

ஆம்பூர்

அன்பு மருமகனுக்கு,

கிரிக்கெட் சங்கத்துக்கு நீ செயலாளர் ஆனதாக உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். உன் டேனரி பெயரில் ஒரு டீமும் அதே லீகில் ஆடுகிறதாமே? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தியா சிமெண்ட்ஸ் என். சீனிவாசனை நினைத்துப் பார். அப்பா தொடங்கிய கம்பெனி கைவிட்டுப் போய், 1989-ல் போராடி மீட்டவர். டிராவிட், தோனிக்கெல்லாம் வேலை கொடுத்த கம்பெனி அது. 2014 ஜூனில் ஐ.சி.சி.யின் முதல் சேர்மன் ஆனார். நம்ம ஊர் முதலாளி ஒருவர் அந்த உயரம் போனதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

சறுக்கியது எங்கே? 2008 ஜனவரியில் அவர் கம்பெனி சென்னை அணியை வாங்கியது. அப்போது அவர் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகிக்கு ஆட்டத்தில் வியாபாரம் கூடாது என்ற விதியில், ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்கு என்று அதே ஆண்டு செப்டம்பரில் திருத்திக்கொண்டார்கள். பிறகு அணியோடு திரிந்த அவர் மருமகன் பந்தயம் கட்டினார் என்று நிரூபணமானது. (மருமகன் என்றதும் முறைக்காதே.) சீனிவாசனுக்கு மேட்ச் பிக்ஸிங்கில் பங்கில்லை என்று, இதை விசாரித்த முத்கல் குழுவே சொன்னது. ஆனாலும் அந்தத் திருத்தம் செல்லாது என்று 2015 ஜனவரி 22-ல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. நவம்பரில் ஐ.சி.சி. நாற்காலியும் போனது.

நம் தோல் தொழிலில் உனக்குத் தெரியாததா? செலக்‌ஷன் மேஜையில் தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, ரிஜெக்ட் என்று போடுகிறவன் சரக்குக்காரனாக இருந்தால் யார் நம்புவார்கள்? ஒருமுறை ஆள் வரவில்லையென்று என் சரக்கை நானே பிரித்தேன். வாங்க வந்தவர் மறுபடி முழுக்கப் புரட்டினார். நேர்மையாகத்தான் போட்டிருந்தேன். ஆனாலும் புரட்டினார்!

பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்த விஷயத்திலும் எங்களுக்கு நாங்களே நல்ல சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டு இருந்தோம். 1996-ல் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு உச்ச நீதிமன்றம்தான் நிறுத்தியது.

நாளைக்கு உன் பையன்களுக்குச் சாதகமாக அம்பயர் கை தூக்கினால், அவர் சரியாகவே தூக்கியிருந்தாலும் பேச்சு உன் மேல்தான் வரும். வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா எழுது. சங்கத்துக்கா, டீமுக்கா என்பது உன் இஷ்டம்.

உன் மாமா