டாக்டர் நடக்கச் சொன்ன பிறகும் பயமா?

நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுட்டு அடுத்தது 'தடக்'னு அடிச்சா, உயிரே போற மாதிரிதான் இருக்கும். உள்ளே நடக்கிறது இதுதான் தங்கச்சி: ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்னாடியே முந்திக்குது. அப்புறம் சின்ன இடைவெளி. அதுக்குள்ள இதயத்துல வழக்கத்தைவிடக் கூடுதலா ரத்தம் நிறையுது. அதைத் தள்ளுற துடிப்புதான் அந்த 'தடக்'. டாக்டருங்க எக்டோபிக் பீட்ஸ்னு சொல்வாங்க. இதயம் நல்லா இருக்கிறவங்களுக்கும் வர்றதுதான்.

ஆனா உன் இதயம் நல்லா இருக்கான்னு நீயோ நானோ முடிவு பண்ணக் கூடாது. சாதாரண ஈசிஜி சுமார் 10 நொடிதான் பதியும். அந்த நேரம் பார்த்து இதயம் சமர்த்தா இருந்துடும்! 24 மணி நேரமும் துடிப்பைப் பதியுற ஹோல்டர் கருவி வேணுமான்னு கேளு. எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட், தைராய்டு எழுதிக் கொடுத்தா தட்டாம எடு. ஹீமோகுளோபினையும் பாரு; ரத்தசோகையே படபடப்பைக் கிளப்பும். குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு இறந்திருந்தா, அதை முதல்லயே சொல்லிடு.

எல்லாம் பார்த்துட்டு 'தாராளமா நடங்க'ன்னு சொன்ன பிறகு, பயம் போகட்டும், அப்புறம் நடக்கலாம்னு இருக்காதே. நடந்தாத்தான் அது போகும். பத்து நிமிஷத்துல ஆரம்பி, தெருமுனை வரைக்கும் போதும். கையில வாட்ச் வேண்டாம். அதையே பார்த்துட்டு இருந்தா பயத்துலயே துடிப்பு ஏறும். பேச முடியுது, பாட முடியலைன்னா அதுதான் சரியான வேகம்.

சட்டுனு மட்டும் நின்னுடாதே. நிறைய பேருக்கு நடக்கும்போது அடங்கியிருக்கிற 'தடக்', நடையை முடிச்சதும் எட்டிப் பார்க்கும். துடிப்பு வேகம் குறையுது, ஆனா அட்ரினலின் இன்னும் ரத்தத்துல ஓடிட்டு இருக்கு, அதான். கடைசி அஞ்சு நிமிஷம் நடையைத் தளர்த்து. அப்பவும் வந்தா மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடு.

காபியா? ஒரு வாரம் குறைச்சுப் பாரு. வித்தியாசம் இல்லைன்னா உன் டிகிரி காபியை யாரும் பிடுங்க வேண்டாம். தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டாதான் வம்பு. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் இந்தத் 'தடக்'கைத் தூண்டிவிடும், கேட்டு வாங்கு.

நடக்க நடக்க 'தடக்' கூடினாலோ, நாடி ஒழுங்கே இல்லாம தாறுமாறா ஓடினாலோ நிறுத்திட்டுத் திரும்ப டாக்டரைப் பாரு. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் வந்தா அன்னைக்கே, அப்பவே ஆஸ்பத்திரி. வீட்டுல 'வெறும் கேஸ்தான்'னு சோடா உடைச்சுக் கொடுப்பாங்க. அதைக் குடிச்சுட்டு உட்காராம 108-க்கு போன் பண்ணு.