கை பழகினால் பயம் போகும்

பெக்கான் நானாஸ் கோயில் திருவிழாவில் ஒரு பெரியவர் சுருண்டு விழுகிறார், பேச்சில்லை, மூச்சில்லை. என்ன செய்வோம்? "ஐயோ, எனக்குப் பயமா இருக்கே!" என்று ஒதுங்கத்தான் தோன்றும்.

தைரியம் பேச்சில் வராது. கை பழகினால்தான் வரும். 1952-இல் தொடங்கிய பொதுத் தற்காப்புப் படை, தொண்டூழியர்களுக்கு முதலுதவியும் வெள்ள மீட்பும் கற்றுத் தருகிறது.

பாடம் இதுதான்: முதலில் 999. பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக்கூடாது. வாசித்தால் போதாது, பயிற்சிப் பொம்மையில் அழுத்திப் பாருங்கள், கை வலிக்கும். அந்த வலிதான் பயத்தைப் போக்கும்.

அன்னதானம் பரிமாறுவது சேவை. உயிரைப் பிடித்து நிறுத்துவதும் சேவைதான்.

சிந்திக்க: நம் இளைஞர் பகுதியில் இது தெரிந்தவர் எத்தனை பேர்? யாருமில்லையா? முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.