பிள்ளை மீது திருட்டு வழக்கு வந்தால்: முதல் நாளில் செய்ய வேண்டியவை



மூன்று மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் நம் அலுவலகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பூட்டிய வீட்டை உடைத்து நகை எடுத்த வழக்கில் அவர் மகனைப் போலீஸார் பிடித்திருந்தார்கள். கூட இருந்த இருவரும் பெரியவர்கள். ஜன்னல் வழியே உள்ளே இறங்க ஒல்லியான உடம்பு வேண்டும் என்று இவனைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

ஸ்டேஷனில் வயது கேட்டபோது தந்தை, "பத்தொன்பது நடக்குது சார்" என்று சொல்லியிருக்கிறார். மகனைக் கடையில் வேலைக்குச் சேர்க்கும்போது கூட்டிச் சொன்ன வயது அது. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஆதார் அட்டையிலும் ஜனவரி 1 என்று தோராயமாகப் போட்ட தேதி. பள்ளி மாற்றுச் சான்றிதழ்படி பையனுக்கு 17 வயது 4 மாதம். அந்தத் தாள் வீட்டுப் பீரோவில் இருக்க, அவன் 11 நாள் பெரியவர்களோடு சிறையில் இருந்தான்.

பருவமடைந்துவிட்டால் பெரியவன் என்பது நம் வீடுகளில் உள்ள கணக்கு. தொழுகைக்கும் நோன்புக்கும் அது சரி. நாட்டின் சட்டத்தில், சம்பவம் நடந்த நாளில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு, வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றிதழையும், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றிதழையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தீர்ப்பே ஆகியிருந்தாலும், வயதைச் சொல்லி முறையிடலாம். நம் பையனுக்கும் அந்த வழியில்தான், வக்கீல் மாற்றுச் சான்றிதழைத் தாக்கல் செய்ததும் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாறியது.

வயது நிரூபணமானால் நடைமுறையே வேறு. குழந்தையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டுவதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவதும் கூடாது. இரவில் வீடு உடைத்துத் திருடியதற்குப் பெரியவர்களுக்கு 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. அதைக் கேட்டுத்தான் தாய்மார்கள் மயங்கி விழுகிறார்கள். ஆனால் இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அதனால் 16 வயதைக் கடந்த பிள்ளையைப் பெரியவராக விசாரிக்கும் பேச்சு இதில் எழாது. குழுமம் அதிகபட்சமாக மூன்று ஆண்டுக்குள் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். அறிவுரை சொல்லியோ, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தோ வீட்டுக்கும் அனுப்பலாம். பிற்காலத்தில் வேலைக்கு அது தகுதிக் குறைவாகவும் ஆகாது.

ஜாமீன்தான் பொது விதி. கெட்ட சகவாசத்தில் திரும்ப விழுவான், அவனுக்கு ஆபத்து வரும், நீதிக்குக் கேடாகும் என்று குழுமம் நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். இங்கேதான் நம் வாப்பாமார்கள் தவறு செய்கிறார்கள். "இனி அவன் என் பிள்ளையே இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அவனைப் பொறுப்பேற்க யார் இருக்கிறார் என்ற கேள்விக்குக் குழுமத்தில் யார் பதில் சொல்வது? இந்தச் சகோதரரும் முதல் வாய்தாவுக்கு வர மறுத்தார். உம்மாவும் தாய்மாமாவும்தான் போனார்கள்.

வக்கீலுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை நியமிக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

"திருடியவனுக்காக டிரஸ்ட் ஏன் அலைகிறது?" என்று இரண்டு பெரியவர்கள் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அடுத்தவர் பொருள் ஹக்குல் இபாத். எடுத்திருந்தால் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அதை வக்கீல் மூலம் செய்யுங்கள். பதற்றத்தில் புகார்தாரர் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்து எதையாவது எழுதிக் கொடுத்தால், அதுவே பிள்ளைக்கு எதிராக நிற்கும். வீடு உடைத்த வழக்கை இரு தரப்பும் பேசி மட்டும் முடித்துக்கொள்ளவும் முடியாது. எடுக்காதவனாக இருந்தாலோ, அதை எடுத்துச் சொல்லவும் ஒரு வக்கீல் வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனின் படம் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவிலேயே சுற்றியது. 74ஆம் பிரிவின்படி, வழக்கில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைக்கோ, இரண்டு லட்சம் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். ஃபார்வர்டு செய்தவர்களில் ஜமாஅத் நிர்வாகிகளும் உண்டு.

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் இந்த வாரமே தேடி எடுங்கள். ஆதாரில் தேதி தவறாக இருந்தால் திருத்துங்கள். அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் இலவசமாக நகல் எடுத்துத் தருகிறோம்.

பையன் இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான், ஏ.சி. மெக்கானிக் வேலை பழகுகிறான். வழக்கு முடியவில்லை. வரும் வாய்தாவுக்கு வாப்பாவும் கூடப் போகிறார்.