அபாயச் சங்கைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது எப்படி?



ஆபத்து வருவது ஒருத்தருக்குத் தெரிந்தால் போதாது, ஊருக்கே தெரியணும். இதற்கு நம்ம பக்கத்துப் புதுச்சேரியில் நடந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்கிறேன்.

நல்லவாடு சொல்லும் பாடம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. அப்போது வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. அங்கிருந்து வயர்லெஸ் மூலமும் டெலிபோன் மூலமும் கிராமத்துக் கம்ப்யூட்டர்களுக்குச் செய்தி போகும். மீனவர் ஊர்களில் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமி செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரங்க மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னாங்க. வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஆனா 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த அந்த ஊர்ல ஒரு உயிர்கூடப் போகலை.

ஒன்றைக் கவனியுங்க. கதவை உடைக்க வேண்டியிருந்தது! பூட்டிய அறைக்குள் இருக்கும் கருவியை வெளியிலிருந்தே இயக்க முடிந்தால் அந்த நேரமும் மிச்சம். அதுக்குத்தான் நெட்வொர்க் இணைப்பு.

இணைக்கும் முறை

1. சங்கை நேராக நெட்வொர்க் கேபிளில் மாட்டக் கூடாது. சங்குக்கு 12 வோல்ட் பேட்டரி தனியாக வேணும். நடுவில் ரிலே உள்ள ஒரு சிறு கன்ட்ரோல் போர்டு இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை வந்ததும் ரிலே மூடும், சங்கு ஊதும்.

2. போர்டிலிருந்து லேன் கேபிளை லேப்பில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குக் கொண்டு போகணும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தூரம் அதிகம்னா நடுவில் இன்னொரு ஸ்விட்ச் போடணும்.

3. போர்டுக்கு மாறாத ஐ.பி. முகவரி தரணும் (உதாரணம்: 192.168.1.50). வீட்டு நம்பர் தினமும் மாறினால் தபால்காரர் என்ன செய்வார்?

4. பாஸ்வேர்டு கட்டாயம். விளையாட்டுக்கு நாலு தடவை ஊதினால், ஐந்தாவது தடவை நிஜமாக ஊதும்போது யாரும் ஓட மாட்டாங்க.

5. போர்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்" என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பணும். செய்தி வரலைன்னா திரையில் சிவப்பு எழுத்து தெரியணும். இல்லாவிட்டால் சங்கு கெட்டுப்போனது ஆபத்து வந்த அன்றைக்குத்தான் தெரியும்!

6. மழைக்காலத்தில் முதலில் போவது கரன்ட். அதனால் ஸ்விட்ச், போர்டு, கம்ப்யூட்டர் மூன்றுக்கும் யு.பி.எஸ். வேணும். இன்டர்நெட் போனாலும் கவலையில்லை. உள்ளூர் நெட்வொர்க் அது இல்லாமலே வேலை செய்யும்.

7. எல்லாம் போனால்? சுவரில் கையால் அழுத்தும் பட்டன் ஒன்று, நேராகச் சங்குக்கு. இதை மறக்கவே கூடாது.

யார் பார்த்துக்கொள்வது?

கருவி இருந்தால் மட்டும் போதாது. நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்தது. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு 360 நாள் பொறுப்பு. கரை உடையும் முன்பே ஆளை நியமித்தார்கள்!

நம்ம பள்ளியிலும் "சங்கு வாரியம்" ஒன்று அமைக்கலாம் என்பது என் யோசனை. வகுப்புக்கு ஒருவரைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுப்போம். மாதம் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சங்கை ஊதிப் பார்ப்போம். எல்லாரும் மைதானத்துக்கு வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டுவோம்.

ஆசிரியர்கள் அனுமதி தந்தால் முதல் ஓலையில் என் பெயரை எழுதித் தருகிறேன். நீங்க?