மேல்வாய், கீழ்வாய்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் இரண்டு நாளாக என் மேஜையில் விரிந்து கிடக்கிறது. செட்டியார்பட்டித் தோட்டத்துக் களஞ்சியம் பிள்ளைகள் படித்து விளையாடும் இடமாகப் போகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இடித்துச் செங்கல்லை விற்கச் சொன்னவர்களுக்கு நீ இணங்காததும் நல்லது. ஆனால் தெற்குச் சுவரில் ஏழடி வாசலும் எதிரே பெரிய ஜன்னலும் போட்டிருக்கிறாயே, அந்தக் கோடுகளை அழித்துவிடு.

கொட்டிய தானியம் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். சதுரமாகக் கட்டினால் சுவர் வயிறு தள்ளும். அதனால்தான் வட்டம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட மாதிரி ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் சுற்றி இறுகிப் பிடித்திருக்கிறது. ஆளுயரத்துக்கு வெட்டினால் அத்தனை பட்டையும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். உள்ளே இப்போது தானியம் இல்லைதான். ஆனால் மேலே கவிந்த கூரை இன்றும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் இருந்த குலுக்கையை நீ பார்த்திருக்க மாட்டாய். மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, உறை மேல் உறை வைத்து எழுப்பியது. மேல்வாயில் கம்பைக் கொட்டி மூடி மெழுகிவிடுவார்கள். வேண்டும்போது கீழ்வாயில் அடைத்த துணியை உருவினால் கம்பு சரசரவென்று பெட்டியில் விழும். அடியில் தங்கிய கடைசிக் கம்பை அள்ள, வீட்டில் சின்னப் பிள்ளை யாரோ அதைத் தூக்கி உள்ளே இறக்குவார்கள். நானும் இறங்கியிருக்கிறேன். கால் பட்டதும் ஜில்லென்றிருக்கும். கம்பு வாசனையோடு காய்ந்த வேப்பிலையின் நெடி. தலைக்கு மேலே வட்டமாக ஒரு வெளிச்சம், அதற்குள் எட்டிப் பார்க்கும் அம்மாவின் முகம். ‘ஓ’ என்று கத்தினால் என் குரலே பெரிய ஆள் குரலாகத் திரும்பி வரும். மேலே தூக்கிவிட்ட பிறகும் இன்னொரு தடவை இறக்கச் சொல்லி அழுவேன்.

உன் களஞ்சியத்துக்கும் அந்த இரண்டு வாய்களும் இருக்கின்றன. மேல்வாய்க்குக் கண்ணாடி மூடி போடு. சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி விட்டு, வலை அடி. கீழ்வாயை அளவோடு அகலமாக்கி, நான்கு பக்கமும் கல் சட்டம் கொடு. பிள்ளைகள் தவழ்ந்து நுழையட்டும், பெரியவர்கள் குனிந்து வரட்டும். அவசரத்துக்கு ஒரு வழி போதாது. பொறியாளரிடம் கணக்குப் போட்டு, எதிர்ப்புறம் அதே அளவில் இன்னொன்று திற. அதற்குமேல் ஒரு செங்கல்லையும் தொடாதே.

கேப்டவுனில் 1924ஆம் ஆண்டுத் தானியக் கிடங்கு ஒன்றை 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 42 கான்கிரீட் குழாய்களின் நடுவே சோளமணி வடிவத்தில் பெரிய வெளியையே குடைந்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் நீயும் வாதாடுகிறாய். ஆனால் வெட்டுவதற்கு முன் பழைய குழாய்களுக்குள் புதிதாகக் கான்கிரீட் வார்த்துப் பலப்படுத்தினார்கள் என்பதையும் பார். பாட்னாவின் கோல்கர் களஞ்சியமோ 1770 பஞ்சத்துக்குப் பின் யோசித்து, 1786இல் ஜான் கார்ஸ்டின் கட்டி முடித்தது. மூட்டை தூக்குபவர்கள் மேல்வாய்க்கு ஏறுவதற்காக வெளிச்சுவரில் வைத்த படிகளில்தான் பின்னாளில் ஜனங்கள் கங்கையைப் பார்க்க ஏறினார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. புது வரைபடம் போடுமுன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக்கு ஒரு நடை போய் வா. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் அங்கே வட்டமாக, கூம்புத் தலையோடு நிற்கிறது.

எதிரொலி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கதை வாசிப்பவருக்குத் தொந்தரவு. தளவாய்புரத்துத் தையல் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துணியை அடைத்து மெத்தை தைத்து, பாதிச் சுவர்வரை சாய்த்து வை. மீதிச் சுவர் பேசட்டும்.

சிமெண்ட் மட்டும் பூசாதே. உன் வயதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அவசரப்பட்டுப் பூசினேன். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், அடுத்த மழைக்குள் உப்புப் பூத்துப் பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, விடுமுறை நாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போதைக்கு ஒரு வேலை செய். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வடக்குப் பக்க விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுது. கார்த்திகை முடிந்ததும் சில்லு முழுசாக இருக்கிறதா, உடைந்துவிட்டதா என்று எனக்குச் சொல். அதன் பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா