இஷாவுக்குப் பின் வீட்டோடு வாசிக்க

பிள்ளைகளுக்குப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் கைப்பேசியோடு ஒதுங்கினால், அந்தப் புத்தகம் அலமாரிக்குத்தான் போகும். பெரியவர்களுக்கும் சிரிப்பு வரும் புத்தகமாக எடுத்து, இஷாவுக்குப் பின் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

நாங்கள் முதலில் சொல்வது வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. 1959-இல் மலையாளத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கேரளத்து முஸ்லிம் வீடு ஒன்று; உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களின் பிள்ளைகள் என்று எப்போதும் கூச்சல். ஆடு எழுத்தாளரின் புத்தகங்களையே தின்கிறது. அவர் பதறுவதோ போர்வைக்கு! சின்னவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள்.

அதே வீட்டில் பாத்துமாவுக்குத் தெரியாமல் அவளுடைய ஆட்டில் பால் கறக்கிறார்கள். “இது திருட்டு இல்லையா?” என்று பிள்ளை கேட்டால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இல்லாமை ஒரு குடும்பத்தை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று பேசுங்கள். சிறுவர்களுக்கென்றே எழுதிய நூல் அல்ல. பெற்றோர் முன்னதாக ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஜப்பானின் ‘டோட்டோ-சான்’. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி. புதிய பள்ளியின் தலைமையாசிரியர் முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் வாப்பாவே வாசிக்கட்டும்.